விழுந்த பூவை ஒட்டக் கூடாது

ஜன்னலைச் சாத்திருங்க தாயி. மழைக்காகச் சொல்லல. மழை நனைச்சா துடைச்சுக்கிடலாம். காத்துதான் ஆகாது. மடியில ஒரு கவர் வச்சிருக்கேன், பாத்தியளா? காக்கிக் கவரு, தீப்பெட்டியவிடக் கொஞ்சம் பெருசு. இது பறந்துட்டுன்னா பொறவு நான் இந்த ஆத்துல குதிக்க வேண்டியதுதான்.

பயப்படாதீய, சும்மா சொல்லுதேன். குதிக்கதுக்கெல்லாம் எனக்குத் தைரியம் கெடையாது. தைரியம் இருந்திருந்தா இன்னைக்கு ஏன் இந்தப் பஸ்ஸுல உக்காந்திருக்கேன்?

நீங்க சொரிமுத்தையன் கோயிலுக்கா? பொங்கப்பானையப் பாத்ததும் நெனச்சேன். முன்னால உக்காந்து தூங்குதாவளே, அவியதான் வீட்டுக்காரரா? தூங்கட்டும். நீங்க முழிச்சிருந்தாப் போதும் எனக்கு. நான் காரையாறு போறேன். எங்க காலேஜ் மேடம் ஒருத்தவ மலைக்குப் போயிருக்காவ. அவுகளுக்குச் சாப்பாடு கொண்டு போறேன்.

ஏன் என் பையப் பாக்கீய? ஆமா, காலிப் பைதான். சாப்பாடு இல்ல. காலையில இருந்து எல்லார்ட்டயும் இதையேதான் சொல்லிட்டு வாரேன். கீழ செக்போஸ்ட்டுல பையத் தொறந்து பாத்த கார்டுகிட்டயும் சாப்பாடுன்னுதான் சொன்னேன். அவன் பையப் பாத்தான், என் மூஞ்சியப் பாத்தான், கிறுக்கின்னு நெனச்சு விட்டுட்டான்.

உங்க பேரு எனக்குத் தெரியாது. என் பேரு உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அதனால உங்ககிட்ட நெசத்தச் சொல்லலாம். ராத்திரி முழுக்கத் தூங்கல தாயி. யார்ட்டயாவது சொல்லித்தான் ஆகணும்.

நான் பாளையங்கோட்டையில ஒரு காலேஜுல அட்டெண்டர். இருவத்தேழு வருசம் ஆச்சு. வர்ற மே மாசம் ரிட்டயர்டு. வேலை எங்கன்னா, காஞ்ச செடி ரூம்ல. புரபசர்மாரு ஹெர்பேரியம்பாவ, நாங்க காஞ்ச செடி ரூம்போம். காட்டுல இருந்து கொப்பு ஒடிச்சுக் கொண்டு வருவாவ. பழைய பேப்பருக்கு நடுவுல வச்சு அமுக்கி, காய வச்சு, பூச்சி அரிக்காம இருக்க விஷத்தண்ணியில முக்கி எடுப்பாவ. பொறவு எங்கிட்ட வரும். நான் வெள்ளைத் தாள்ல ஒட்டி, தடிச்ச காம்ப நூலால தச்சு, கீழ லேபிள் ஒட்டி அலமாரியில அடுக்கணும். பசை நானே காச்சுவேன். மைதா மாவு, அதுல பூச்சி வராம இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம், அதுவும் விஷம்தான். அதனாலதான் சோறு திங்கதுக்கு முன்னால மூணு தடவை சோப்புப் போடுவேன். எங்க வீட்டுல கேலி பண்ணுவாவ, உன் மீன்குழம்புல மீன் வாடையவிட சோப்பு வாடைதான் தூக்கலா இருக்குன்னு.

அந்த ரூமுக்கு ரெண்டு சட்டம் உண்டு. ஒண்ணு, தாளு வெளிய இருக்கும்போது ஃபேன் போடக் கூடாது. சித்திரை வெயிலா இருந்தாலும் சரி, வேர்த்து ஒழுகிச் செத்தாலும் சரி, போடக் கூடாது. ரெண்டாவது, விழுந்ததை ஒட்டக் கூடாது. தாள்ல இருந்து ஒரு இலையோ பூவோ உதுந்துட்டுன்னு வைங்க, அது அதுலதான் இருந்துச்சுன்னு நம்ம கண்ணு சொல்லும். கண்ணை நம்பக் கூடாது. ஒரு கவர்ல போட்டு, எப்போ விழுந்துச்சு, யார் கையால விழுந்துச்சுன்னு பென்சில்ல எழுதி, அந்தத் தாளோட வச்சிரணும். எந்தத் தாளுன்னு தெரியலேன்னா தெரியலேன்னு எழுதணும்.

இந்தச் சட்டம் போட்டது ஞானராஜ் சார். பெரிய புரபசர். செடி ரூமை ஆரம்பிச்சதே அவருதான். இப்போ இல்ல, போய்ச் சேந்து ஒம்பது வருசம். அடிக்க மாட்டாரு, வைய மாட்டாரு. தப்புப் பண்ணினா கண்ணாடியக் கழத்தி மேசையில வைப்பாரு. அவ்வளவுதான். எனக்கு அதுக்கே ஈரக்கொலை நடுங்கும்.

சாரு எம்பத்தேழாம் வருசம் இந்த மலைக்கு வந்தாரு. இதே ஐப்பசி, கார்த்திகை மழையில. மேல குதிரைமுகப் பாறைன்னு ஒண்ணு இருக்காம், நான் பாத்ததில்ல. அது ஓரத்துல இருந்து ஒரே ஒரு கொப்பு ஒடிச்சிட்டு வந்தாரு. நாலு இலை, நுனியில ஒரு பூவு. அவ்வளவுதான். கொண்டு வந்து பாத்தா அதுக்குப் பேரு கெடையாது. எந்தப் புஸ்தகத்துலயும் கெடையாது. வெளிநாட்டுக்கெல்லாம் எழுதிப் போட்டாரு. எவனும் பாத்ததில்லன்னுட்டான். லேபிள்ல பேரு எழுதுற இடத்துல பென்சில்ல ஒரு கேள்விக்குறி போட்டு வச்சாரு. சாகுற வரைக்கும் அந்தக் கேள்விக்குறி அப்படியே இருந்துச்சு. உலகத்துலயே அந்தச் செடிக்கு அந்த ஒத்தத் தாள்தான் சாட்சி தாயி. பேரு வைக்காத பிள்ளை மாதிரி அலமாரியில கெடந்துச்சு.

இப்போ என் கதைக்கு வாரேன். நான் வேலைக்குச் சேந்து ரெண்டு வருசம் இருக்கும். ஒரு நவம்பர் மாசம் அடிச்சுப் பேஞ்சுச்சு. திங்கக்கெழமை ரூமைத் தொறக்கேன், மேல்தளத்துல இருந்து தண்ணி ஒழுகி ஒரு அலமாரி பூரா ஈரம். சாரு பத்து மணிக்கு வருவாரு. மணி எட்டரை. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. தாளையெல்லாம் எடுத்துத் தரையில பரத்தினேன். அம்பது அறுபது தாளு இருக்கும். அவரு வாரதுக்குள்ள காஞ்சிரணுமே, அவரு கண்ணாடியக் கழத்திரக் கூடாதே. அந்த ஒரே நெனப்புதான்.

ஃபேனைப் போட்டேன்.

ஆமா தாயி. போட்டேன். ஒரு நிமிசம்கூட ஓடல. சருகெல்லாம் எந்திரிச்சுச் சுத்துன மாதிரி இருந்துச்சு. அலறிப் பிடிச்சு நிப்பாட்டினேன். தரையில மூணு பூவு கெடந்துச்சு. ரெண்டு பூவு எங்க உள்ளதுன்னு நல்லாத் தெரிஞ்சுச்சு. மூணாவது பூவுதான். அது ஞானராஜ் சாரு கொப்புக்கும் இன்னொரு தாளுக்கும் நடுவுல கெடந்துச்சு. ரெண்டுலயும் நுனி மொட்டையா இருந்துச்சு. ரெண்டு தாளும் ஊறிப்போயி தேயிலைத் தண்ணி ஊத்தின மாதிரி பழுப்பா இருந்துச்சு. ஒட்டுன தடம் பாக்கலாம்னா ஒண்ணும் வெளங்கல. காஞ்சு ஊறின பொறவு எல்லாப் பூவும் எனக்கு ஒண்ணுபோலத்தான்.

கவர்ல போட்டு எழுதியிருக்கணும். என்னன்னு எழுத? ஃபேனைப் போட்டேன், பூவு பறந்துட்டு, எதுலன்னு தெரியலன்னா? எழுதி அவரு கையில குடுக்கவா? நான் சாரு கொப்போட நுனியில பசையத் தொட்டு ஒட்டிட்டேன். அந்த ஒத்தப் பூவு இல்லேன்னா சாரு கண்டுபிடிச்சிருவாரு, இன்னொரு தாளுன்னா அதே ஜாதியில பத்துத் தாளு இருக்கு, எவன் பாக்கப் போறான்? அப்படித்தான் யோசிச்சேன். செடியப் பத்தி யோசிக்கல. என்னப் பத்தி யோசிச்சேன்.

பத்து மணிக்கு சாரு வந்தாரு. எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டு, "நல்ல வேலை பாத்திருக்கம்மா, ஒரு தாளும் போகல"ன்னாரு. கண்ணாடியக் கழத்தல. நான் கக்கூஸ்ல போயி உக்காந்து அழுதேன்.

அதோட மறந்தும் போனேன். நெசமாத்தான். பிள்ளைக படிப்பு, அதுகளுக்குக் கல்யாணம்னு ஓடிட்டு. எப்பவாவது அந்த அலமாரியத் தொறந்தா அந்தத் தாளைத் தொடாம மூடிருவேன். அவ்வளவுதான். மூணு வருசத்துக்கு முன்னால ஹசீனா மேடம் வந்தாவ.

ஹசீனா மேடம் மேலப்பாளையத்துக்காரவ. முப்பத்திநாலு வயசு இருக்கும். சின்னப்பிள்ளைதான், ஆனா படிச்சவ, மேடம்தான் சொல்லுவேன். அவுக என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாவ. பெருநாள் வந்தா ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு டப்பா பிரியாணி, எனக்குத் தனியா ஒரு டப்பா. அவுக ஒருநாளு அந்தத் தாளை எடுத்து லென்ஸ் வச்சுப் பாத்தாவ. ஒரு மணி நேரம் பாத்தாவ. பொறவு என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாவ: "அக்கா, இந்த மாதிரி இலைக்கு இந்த மாதிரிப் பூ உலகத்துல எங்கயும் கெடையாதுக்கா! இலை ஒரு குடும்பம், பூவு வேற குடும்பம் மாதிரில்லா இருக்கு!"

அவுகளுக்கு அதிசயம். எனக்கு? ஒட்டுனவளுக்குத் தெரியாதா? மாட்டு உடம்புல ஆட்டுத் தலைய வச்சுத் தச்சவ நான்தான. அது உலகத்துல எப்படி இருக்கும்?

அப்பவே சொல்லியிருக்கலாம். சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். "டீ கொண்டாரட்டுமா மேடம்"னு கேட்டேன். மூணு வருசமா ஒவ்வொரு தடவையும் வாயத் தொறப்பேன், டீ வரும். அவுக பாவம், இந்த அக்கா எவ்வளவு பாசமா இருக்குன்னு நெனச்சுக்கிட்டாவ. ஒருநாளு சொல்லுதாவ, "மழையில இருந்து இந்தத் தாளைக் காப்பாத்தினது நீங்கதானாமே, சார் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்காரு. நான் கட்டுரை எழுதும்போது உங்க பேரைப் போட்டு நன்றி சொல்லுவேன்"னு. நன்றி! எனக்கு!

எங்க வீட்டுல சொன்னேன். அவிய டிரைவரா இருந்து ரிட்டயர்டு ஆனவிய. "வாய மூடிட்டு இரு. இன்னும் ஆறு மாசம். பூவு பொய்யின்னா அவுக தேடிப் பாத்துட்டு கெடைக்கலன்னு விட்டுட்டுப் போறாவ. உனக்கென்ன?"ன்னாவ. நானும் அதுதான் நியாயம்னு இருந்தேன். ஆனா அவுக விட்டாத்தான? புதுசா ஒரு செடின்னு உலகத்துக்குச் சொல்லணும்னா ஒத்தப் பழைய தாளு போதாதாம். பூவோட இன்னொரு கொப்பு வேணுமாம். போன வருசம் ரெண்டு தடவை மலைக்குப் போனாவ. அதே இலை உள்ள செடி பாறை இடுக்குல நாலு நிக்காம். பூவு இல்ல. அட்டை கடிச்சு காலெல்லாம் ரத்தம். ரெண்டாவது தடவை வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சு மாவுக்கட்டோட வந்தாவ. கட்டுப் போட்ட கையக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு, "அடைமழையிலதான்க்கா பூக்கும் போல. அடுத்த வருசம் மழையிலயே போயிரணும்"னாவ.

இலை கெடைச்சிருக்கு, பூவு கெடைக்கலன்னா என்ன அர்த்தம்? நான் செஞ்சது தப்புன்னுதான அர்த்தம்? ராத்திரி கண்ண மூடினா அவுக பாறையில இருந்து விழுவாவ. நான் பசைச் சட்டியோட கீழ நிப்பேன்.

முந்தாநாளு கிளம்பிட்டாவ. கூட சிதம்பரன்னு ஒரு காணிக்காரரு. இந்த மலையிலயே பொறந்து வளந்தவரு, தேனெடுக்கப் பாறையில கயிறு கட்டி எறங்குதவரு. அவரு கயித்துல எறங்கிப் பூவு தேடணும், மேடம் மேல நிக்கணும். அதுதான் ஏற்பாடு. நேத்து மதியம் டிவியில சொல்லுதான், மலைப்பக்கம் ஆரஞ்சு எச்சரிக்கை, பலத்த மழைன்னு. மேடத்துக்குப் போன் போட்டேன். மணியே அடிக்கல. இங்கன டவர் கெடையாதுலா. நாப்பது தடவை போட்டிருப்பேன்.

அப்போதான் அந்தக் கிறுக்கு வேலை பண்ணினேன்.

நேத்து சாயங்காலம், நாலு மணி. எல்லாரும் கிளம்பிட்டாவ. நான் அந்தத் தாளை எடுத்து மேசையில வச்சேன். அந்தப் பூவுதான எல்லாரையும் மலைக்கு இழுக்கு? அது இல்லேன்னா யாரு போவா? அது ஒண்ணுதான் தோணுச்சு. வெந்நியில பஞ்ச நனைச்சு பூவுக்குக் கீழ ஒத்தி ஒத்தி ஊற வச்சேன். மைதாப் பசைதான, எளகிட்டு. இடுக்கியால தூக்கினேன். முப்பத்தாறு வருசத்துப் பூவு தாயி. அப்பளம் மாதிரி மூணா நாலா போயிட்டு.

அதுதான் இந்தக் கவர்ல இருக்கு. காட்ட மாட்டேன். மூச்சுக் காத்துப் பட்டாலே பொடியாயிரும்.

தாள்ல பூவு இருந்த இடத்துல ரெண்டு கறை இருந்துச்சு. பக்கத்துல பக்கத்துல, ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறுன மாதிரி. ரெண்டும் பூவு அளவுதான். பசைக் கறையா இருக்கும்னு நெனச்சுத் துடைச்சுப் பாத்தேன், போகல. அப்படியே அலமாரியில வச்சுப் பூட்டிட்டு வீட்டுக்கு வந்தேன்.

என்ன கேக்கீய? மேடம் போட்டோ எடுத்து வச்சிருக்க மாட்டாவளான்னா? எடுத்திருக்காவ. நூறு போட்டோ எடுத்திருக்காவ. படமே வரைஞ்சிருக்காவ. எனக்கு அது வீட்டுக்கு வந்து, சோத்துல கை வச்ச பொறவுதான் ஞாபகம் வந்துச்சு. சிரிக்காதீய. பயந்தவ புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

பூவப் பிச்சும் அவுக மலையிலதான் நிக்காவ. அப்போ நேர்ல போயிச் சொன்னாத்தான் உண்டுன்னு காலையில முதப் பஸ்ஸைப் பிடிச்சிட்டேன். மேடம், அந்தப் பூவு அதுல உள்ளது இல்ல, நான் ஒட்டினது, எறங்கி வாங்கன்னு சொல்லணும். ரிட்டயர்டு ஆகுற நேரத்துல என்கொயரி வைப்பாவ. பேப்பர்லகூட போடுவாவ. மடியில கனம் இருந்தா வழியில பயம்பாவ. என் மடியில இருக்கது ஒரு கிராம்கூடத் தேறாது. பயத்த மட்டும் பாருங்க.

ஏன் பஸ்ஸு நிக்கி? கோயில் வந்துட்டா? இல்லையே, காடால்லா இருக்கு.

கண்டக்டர் தம்பி, என்னய்யா? மூங்கில் சாஞ்சு கெடக்கா? வெட்டணுமா? எவ்வளவு நேரம் ஆகும்?

என்னது? யாரு விழுந்தா?

தாயி, அவன் என்ன சொன்னான்? எனக்குக் காது அடைச்சிட்டு. நீங்க சொல்லுங்க. பாறையில வழுக்கி ஆளு விழுந்துட்டா? அந்தப் பக்கம் ஜீப்புல கொண்டு வந்து நிக்காவளா? ஆம்பளையா பொம்பளையான்னு கேளுங்க. கேளுங்க தாயி. தெரியாதா? அவனுக்குத் தெரியாதாமா?

ஆண்டவரே. ஆண்டவரே. நான்தான். நான்தான் கொன்னுட்டேன். ஒரு சொட்டுப் பசையில கொன்னுட்டேன்.

நான் எறங்கிப் பாத்துட்டு வாரேன். இந்தக் கவரை நீங்க பிடிங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க, அமுக்கிராதீய. யாரு வந்து கேட்டாலும் குடுக்காதீய. ஜன்னலைத் தொறந்துராதீய.



வந்துட்டேன் தாயி. நகந்துக்கிடுங்க, நான் உக்காரணும்.

உசுரோடதான் இருக்காவ. ரெண்டு பேரும் உசுரோடதான் இருக்காவ. தண்ணி இருந்தா ஒரு மடக்குக் குடுங்க.

சிதம்பரன் காணிக்குத்தான் காலு ஒடிஞ்சிருக்கு. நேத்து சாயங்காலம் கயித்துல ஏறி வரும்போது கடைசி பத்தடியில வழுக்கிட்டாம். ராத்திரி பூரா பாறைக்கு அடியில இருந்துட்டு, விடிஞ்சதும் காணிக்குடியிருப்புல இருந்து நாலு பேரு தேடி வந்து தூக்கி எறக்கியிருக்காவ. ஜீப்புக்குப் பின்னால காலுல மூங்கில் பத்தை வச்சுக் கட்டிப் படுத்திருக்காரு. என்னப் பாத்துச் சிரிக்காரு மனுசன். காலு ஒடிஞ்சவரு சிரிக்காரு, காலு ரெண்டும் நல்லா இருக்க எனக்கு அழுகை.

மூங்கிலைத் தாண்டிக் குதிச்சுப் போனேனா, மேடம் ஜீப்பை விட்டு ஓடி வாராவ. உடம்பெல்லாம் சேறு. "அக்கா! நீங்களா? இங்கன எப்படிக்கா வந்தீங்க?"ன்னு கட்டிப் பிடிச்சுக்கிட்டாவ. நான் சொல்ல வாயத் தொறந்தேன். இந்தத் தடவை டீ வரல. அதுக்குள்ள அவுக ஒரு டிபன் டப்பாவத் தொறந்து காட்டுனாவ.

ஈரப்பஞ்சுக்கு நடுவுல ஒரு கொப்பு இருந்துச்சு தாயி. நாலஞ்சு இலை. நுனியில பூவு.

அதே இலை. அதே பூவு. இருவத்தஞ்சு வருசமா நான் பாத்துப் பாத்துப் பயந்த அதே பூவு. ஆனா மஞ்சளா இருந்துச்சு. எனக்கு அது காப்பித்தூள் கலர்லதான் தெரியும். வாடாம இருக்கும்போது மஞ்சள்னு எனக்கு எப்படித் தெரியும்? உள்ள குங்குமத்தத் தெளிச்ச மாதிரி சேப்புப் புள்ளி. ஒரு இதழு மட்டும் வால் மாதிரி நீண்டு தொங்குது. பாறைக்கு நடுவுல, அந்த மழையில, அந்தக் கொப்புலயே பூத்து நின்னுருக்கு. நான் ஒட்டல. ஆண்டவரு ஒட்டினது.

நான் சரியாத்தான் ஒட்டியிருக்கேன் தாயி! அந்தப் பூவு அந்தக் கொப்போடதுதான்! தாள்ல ரெண்டு கறை இருந்துச்சுன்னேன்லா? ஒண்ணு சாரு காலத்துல, முதல்ல ஒட்டினப்போ விழுந்த கறை. இன்னொண்ணு நான் கொஞ்சம் தள்ளி ஒட்டினதுல விழுந்தது. ஒரே பூவு, ரெண்டு கறை. நேத்து என் கண்ணு முன்னாலயே இருந்துச்சு. துடைச்சுப் பாத்தேன் பாருங்க, தடிமாடு.

ஒரு நிமிசம் எப்படிச் சந்தோசப்பட்டேன்னு நெனைக்கீய? அந்தக் காலு என் தலையில வராதுன்னு சந்தோசப்பட்டேன். ஒரு மனுசன் காலு ஒடிஞ்சு படுத்திருக்கான், நான் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லுதேன். சண்டாளி.

பொறவுதான் மேடம் சொன்னாவ: "சிதம்பரன் அண்ணனை ஆஸ்பத்திரியில சேத்துட்டு நேரா காலேஜுக்குத்தான்க்கா. சார் தாளை எடுத்து இதுக்குப் பக்கத்துல வைக்கணும். இது புதுசுதான், ஆனா முதல் சாட்சி சாரோட தாள்தான். அதைத்தான் மூலத் தாளா வைக்கப் போறேன். அந்தப் பூவும் இந்தப் பூவும் ஒண்ணுன்னு காட்டிட்டா எவனும் மறுக்க முடியாது. சார் பேரைத்தான் வைக்கப் போறேன்க்கா, அந்தச் செடிக்கு." சொல்லிட்டு அழுதாவ. நானும் அழுதேன். ரெண்டு பேரும் ஒரே காரணத்துக்கு அழுதோம்னு அவுக நெனச்சிருப்பாவ.

சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டின்னு சொல்லுவாவள்லா. இருவத்தஞ்சு வருசமா செய்யாத தப்புக்குப் பயந்து நடுங்கிட்டு, நேத்து நாலு மணிக்கு நெசமான தப்பைச் செஞ்சு வச்சிருக்கேன். மொத மழையில சாரு கொண்டு வந்த பூவு, முப்பத்தாறு வருசம் பூச்சிக்கும் தப்பி, மழைக்கும் தப்பி, என் ஃபேனுக்கும் தப்பி இருந்துச்சு. என் கைக்குத் தப்பல.

ஜீப்புல எடம் இருக்கு, வாங்கக்கா, சேந்து போவோம்னு கூப்பிடுதாவ. பைய எடுத்துட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மூங்கில வெட்டி முடிச்சிட்டான், அந்தா இழுத்துப் போடுதான். ரெண்டு நிமிசந்தான் இருக்கு. கவரைக் குடுங்க.

ஆறு எங்கன ஓடுது? சத்தம் கேக்குலா? கிட்டத்துலதான். ஒண்ணு சொல்லட்டுமா. வரும்போது ஒரு நெனப்பு வந்துச்சு. இந்தக் கவரை நீங்க பானையோட கொண்டு போயி, கோயிலுக்கு முன்னால ஆத்துல விட்டுருங்க. நான் அலமாரியத் தொறந்து, ஐயோ மேடம், பூச்சி அரிச்சிட்டேன்னு கத்துவேன். அவுக நம்புவாவ. என்ன நம்பாம யார நம்புவாவ? எங்க வீட்டுலயும் அதைத்தான் சொல்லுவாவ. ஆறே மாசம்.

வேண்டாம். கையை நீட்டாதீய. நீட்டாதீய தாயி, குடுத்துருவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்.

பொடியா இருந்தாலும் பூவுதான இது. துணுக்கு துணுக்கா லென்ஸ்ல வச்சுப் பாப்பாவ, இதழு ஒண்ணு முழுசா இருக்கு, அந்த வாலுள்ள இதழு. அது போதும்னு சொன்னாலும் சொல்லுவாவ. போதாதுன்னாலும் சொல்லுவாவ. கண்ணாடி போட மாட்டாவ ஹசீனா மேடம். எதைக் கழத்தி மேசையில வைப்பாவளோ, தெரியல.

விழுந்ததைக் கவர்ல போட்டாச்சு. எழுதலேல்லா. எழுதணும். பென்சில் எங்கிட்ட எப்பவும் இருக்கும், கொண்டையில சொருகியிருக்கேன், எடுங்க. பேனா ஆகாது, ஈரம் பட்டா ஓடிரும். கவரை நான் பிடிச்சுக்கிடுதேன், நீங்க எழுதுங்க. தமிழ்ல எழுதுனாப் போதும். கவருக்கு மேல, அமுக்காம.

"எம்பத்தேழாம் வருசம், குதிரைமுகப் பாறை, ஞானராஜ் சார் தாளில் இருந்தது." எழுதியாச்சா? அடுத்த வரி. நேத்துத் தேதி போடுங்க. "தானா விழவில்லை. வெந்நீர் வைத்துப் பிரித்து எடுத்தது." பொறவு, ஃபேனுக்கும் ஒரு வரி எழுதுங்க. எதுக்கு மிச்சம் வைக்க. "தொண்ணூத்தெட்டு நவம்பரில் ஃபேன் போட்டதால் விழுந்து, எழுதாமல் ஒட்டியது." ரெண்டும் ஒரே ஆளு கைதான்னு எழுதுங்க.

ஹாரன் அடிக்கான். எடுத்தாச்சு மூங்கிலு. வாரேன்னு சொல்லுங்க அவன்கிட்ட, ஒத்த வரிதான் பாக்கின்னு சொல்லுங்க.

கடைசியில ஆளு பேரு போடணும். பேரு இல்லேன்னா கவரு செல்லாது, அது சாரு சட்டம்.

ஜெபக்கனின்னு எழுதுங்க. ஆமா தாயி, அதான் என் பேரு. தெளிவா எழுதுங்க.